ஒரு நாடு ஒரு பானைச் சோறல்ல

"நேரில் பார்த்தவன் சொல்றேன்." இந்த மூன்று சொற்களில் தொடங்கும் பேச்சை நம் ஊரில் யாரும் மறுப்பதில்லை. மறுக்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

சென்ற மாதம் ஒரு புதுமனை புகுவிழா. ஒன்பது நாளில் ஐந்து ஐரோப்பிய நாடுகளைச் சுற்றிவிட்டு வந்த உறவுக்கார அண்ணன் ஒருவர், பந்திக்குக் காத்திருந்த அரைமணி நேரத்தில் ஐந்து நாடுகளுக்கும் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டார். பிரெஞ்சுக்காரன் திமிர் பிடித்தவன். பாரிஸ் ஓட்டலில் பரிமாறியவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. இத்தாலிக்காரன் திருடன், ரோமில் பேருந்தில் பர்ஸ் போய்விட்டது. டச்சுக்காரன் கஞ்சன், கழிவறைக்குக்கூடக் காசு கேட்டான். ஜெர்மன்காரன் ஈரமில்லாதவன், ரயிலில் சத்தமாகப் பேசியதற்கு ஒரு மூதாட்டி அதட்டிவிட்டார். சுவிஸ்காரன் மட்டும் தங்கம். மறந்துவிட்டு வந்த குடையை விடுதி ஊழியர் தெருவரை ஓடிவந்து கொடுத்தார். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் தலையாட்டினார்கள். இரண்டு பேர் தங்கள் பங்குக்குத் துபாய்க்காரனையும் சீனாக்காரனையும் சேர்த்துக்கொண்டார்கள்.

அந்த விகுதியைக் கவனியுங்கள். எதிரில் நிற்கும் வெளிநாட்டவரை "அவர்" என்று சொல்லும் அதே வாய், அவர் நாட்டைப் பற்றிப் பேசும்போது "அவன்" என்கிறது. சுமார் 12 கோடிப் பேர் வாழும் தேசம் "ஜப்பான்காரன்" என்ற ஒற்றை ஆளாகச் சுருங்கிவிடுகிறது. அந்த ஆளுக்கு ஒரே வயது, ஒரே குணம். பெண்கள் அதில் இல்லவே இல்லை. பிழை அந்த ஒருமையிலேயே தொடங்கிவிடுகிறது.

இப்படிப் பேசுகிறவர்களை முட்டாள்கள் என்று ஒதுக்குவது எளிது. அது நியாயமல்ல. அவர்கள் தரப்பை அதன் முழு வலுவோடு சொல்லிவிடுகிறேன். புத்தகமும் செய்தித்தாளும் பிறர் சொன்னதைச் சொல்கின்றன. என் கண் பார்த்ததை நான் எப்படி நம்பாமல் இருப்பேன்? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று முன்னோர் சும்மாவா சொன்னார்கள்? நான் ஒருவன் சொன்னால் தற்செயல் எனலாம். போய் வந்தவர்கள் எல்லோரும் அதையே சொல்கிறார்களே? டோக்கியோவில் ரயில் நிமிடம் தவறாமல் வருகிறது, நம் ஊரில் வருவதில்லை; நாட்டுக்கு நாடு மனிதர்கள் வேறுபடுவது கண்கூடு அல்லவா? கடைசியாக, முன்பின் தெரியாத ஊருக்குப் போகிறவன் ஏதோ ஒரு பொதுக் கணக்கை வைத்துக்கொண்டுதானே பிழைக்க முடியும்?

இவற்றில் ஒன்றிரண்டில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த உண்மையிலிருந்து "இந்த நாட்டு மக்கள் இப்படிப்பட்டவர்கள்" என்ற முடிவு ஒருபோதும் பிறக்காது. ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

1. பழமொழியைச் சமையலறையில் வைத்துப் படியுங்கள்.

ஒரு சோறு பதம் சொல்வது எப்போது? பானையில் இருப்பது ஒரே அரிசியாக, ஒரே தண்ணீரில், ஒரே தீயில் வெந்துகொண்டிருக்கும்போது. அப்போதும் சோறு வடிக்கத் தெரிந்தவர் மேலாக மிதக்கும் பருக்கையை எடுப்பதில்லை. அகப்பையை அடிவரை விட்டுக் கிளறி, நடுவிலிருந்து எடுத்து நசுக்கிப் பார்க்கிறார். கிளறாத பானையில் அடி குழைந்திருக்கும், மேல் நறுக்கரிசியாக நிற்கும். இன்னொன்றும் உண்டு. அந்த ஒரு பருக்கை ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது: வெந்ததா, வேகவில்லையா? அரிசி எந்த வயலில் விளைந்தது, விதைத்தவர் நல்லவரா என்று அதனிடம் யாரும் கேட்பதில்லை.

நாடு எந்தப் பானையில் வெந்தது? நைஜீரியாவில் 20 கோடிக்கும் மேற்பட்ட மக்கள், 500க்கும் மேற்பட்ட மொழிகள். சீனாவில் 140 கோடிப் பேர். இத்தாலி ஒரே அரசின் கீழ் வந்ததே 1861இல்தான். அதற்குமுன் பல நூற்றாண்டுகள் வடக்கும் தெற்கும் வெவ்வேறு அரசுகளின் கீழ் கிடந்தன. தமிழ்நாட்டுக்குள்ளேயே கோயம்புத்தூர்க்காரரையும் தூத்துக்குடிக்காரரையும் ஒரே குணத்தில் அடக்கினால் இருவருமே சண்டைக்கு வருவார்கள். நம் பானையில் இத்தனை வகை அரிசி இருப்பது நமக்குத் தெரிகிறது. அடுத்தவர் பானை மட்டும் ஒரே அரிசி என்று எப்படி முடிவு செய்தோம்?

இது படிப்பில்லாதவர்களின் பிழையும் அல்ல. ஆமோஸ் ட்வெர்ஸ்கி, டேனியல் கானமன் என்ற இரு உளவியலாளர்கள் 1971இல் எழுதிய ஒரு கட்டுரையில், புள்ளியியல் கற்ற ஆய்வாளர்களே மிகச் சிறிய மாதிரியைப் பார்த்து முழுத் தொகையும் அப்படித்தான் என்று நம்பிவிடுவதைக் காட்டினார்கள். மனித மனத்தின் இயல்பான சறுக்கல் அது. சறுக்கும் இடம் என்று தெரிந்த பின்னும் அங்கேயே கால் வைப்பதைத்தான் குற்றம் என்கிறேன்.

2. நீங்கள் சந்தித்தது யாரை?

துபாயில் ஐந்து நாள் தங்கிவிட்டு வந்து "துபாய்க்காரன்" பற்றிப் பேசுகிறவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும். ஐக்கிய அரபு அமீரகத்தில் வாழ்பவர்களில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர் வெளிநாட்டவர். டாக்ஸி ஓட்டியவர் பெஷாவரிலிருந்து வந்தவராக இருக்கலாம். காப்பி கொண்டுவந்தவர் பிலிப்பைன்ஸ்காரராக இருக்கலாம். விடுதி வரவேற்பில் இருந்தவர் மலப்புறத்துக்காரராக இருக்கலாம். ஐந்து நாளில் ஒரு அமீரகக் குடிமகனிடம்கூட வாய்திறந்து பேசாமல் திரும்புவது அங்கே மிகச் சாதாரணம். ஆனாலும் தீர்ப்பு அமீரகத்தார் மீதுதான் விழுகிறது.

ஐரோப்பாவிலும் இதே கதைதான். வெனிஸின் பழைய நகரத்தில் இன்று குடியிருப்பவர்கள் 50,000 பேர்கூட இல்லை. அங்கே தெருவில் உங்களை இடித்துக்கொண்டு போகிறவர் பெரும்பாலும் உங்களைப் போன்ற இன்னொரு பயணி. பிரான்சுக்கு ஓராண்டில் வரும் வெளிநாட்டுப் பயணிகளின் தொகை அந்நாட்டு மக்கள்தொகையைவிட அதிகம். அந்தக் கூட்டத்துக்கு நடுவே நாளெல்லாம் தட்டு தூக்கும் ஒருவரின் களைத்த முகத்தைத்தான் நாம் பிரான்சின் முகம் என்று ஊருக்கு எடுத்துவருகிறோம்.

பயணி சந்திப்பவர்கள் யார் என்று எண்ணிப் பாருங்கள்: குடிவரவு அதிகாரி, டாக்ஸி ஓட்டுநர், விடுதி ஊழியர், நினைவுப்பொருள் விற்பவர், கூட்டத்தில் பர்ஸ் தேடும் கை. பள்ளி ஆசிரியரை, வயலில் வேலை செய்பவரை, பேரனைத் தூங்கவைக்கும் பாட்டியை நாம் பார்ப்பதில்லை. மெரினாவில் குதிரை சவாரிக்குக் கூப்பிடுபவரையும் விமான நிலைய வாசலில் கூடுதல் கட்டணம் கேட்பவரையும் மட்டும் பார்த்துவிட்டு ஒரு ஜெர்மானியர் "தமிழன் இப்படித்தான்" என்று எழுதினால் நாம் பொறுப்போமா? ரோம் பேருந்தில் பர்ஸை எடுத்த கை எந்த நாட்டுக் கை என்று அண்ணனுக்குத் தெரியாது. அவர் அந்த முகத்தைப் பார்க்கவேயில்லை.

3. சந்திப்பில் பாதி நீங்கள்.

பயணக் கதைகளில் எப்போதும் விடுபடுவது சொல்பவரின் பங்கு. பிரான்சில் கடைக்குள் நுழைந்ததும் முதலில் "போன்ஜூர்" என்று வணக்கம் சொல்லிவிட்டுத்தான் எதையும் கேட்க வேண்டும். அது அங்கே அடிப்படை மரியாதை. நாம் நேராகப் போய் "ஒரு காப்பி" என்கிறோம். கடைக்காரர் கண்ணில் நாம் மரியாதை தெரியாதவர்கள். அவர் முகம் இறுகுகிறது. நம் கண்ணில் அவர் திமிர் பிடித்தவர். இருவருமே அவரவர் ஊர் வழக்கப்படி சரியாக நடந்துகொண்டார்கள்; இருவருமே ஒரு தேசத்தைப் பற்றித் தவறான முடிவோடு வீட்டுக்குப் போனார்கள்.

இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால் வலி புரியும். நம் வீடுகளில் காப்பி ஆற்றிக் கொடுக்கும் அம்மாவுக்கு யாரும் "நன்றி" சொல்வதில்லை. சொன்னால் "என்னடா, அந்நியமாப் பேசுற?" என்பார். நெருக்கத்தில் நன்றி சொல்வது விலகலின் அடையாளம் என்பது நம் வழக்கம். ஒரு வெளிநாட்டு விருந்தினர் நம் வீட்டில் நான்கு நாள் தங்கி, ஒருமுறைகூட அந்தச் சொல் காதில் விழாமல், "தமிழர்களுக்கு நன்றியுணர்வே கிடையாது" என்று எழுதிவிட்டால்? அவர் பொய் சொல்லவில்லை. நேரில் பார்த்ததைத்தான் சொல்கிறார். ஆனாலும் அந்த வாக்கியம் முழுப் பொய். ரயிலில் எதிர் இருக்கைக்காரர் "சாப்டாச்சா? என்ன வேலை? எவ்வளவு சம்பளம்?" என்று அன்போடு கேட்பதை அடுத்தவர் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கும் குணம் என்று ஒருவர் புரிந்துகொள்ள எத்தனை நேரம் ஆகும்?

கண் பொய் சொல்லாது என்கிறார்கள். கண் பார்ப்பது செயலை மட்டுமே. செயலுக்குப் பொருள் தருவது மனம். அந்த மனத்தை நாம் நம் ஊரிலிருந்தே கொண்டுபோகிறோம்.

4. பிறவிக்குணம் என்றால் அது ஏன் மாறியது?

ஜப்பானை எடுத்துக்கொள்வோம். உழைப்புக்கும் நேரம் தவறாமைக்கும் இன்று உலகமே காட்டும் உதாரணம் அது. 1850களின் இறுதியில் நாகசாகியில் பணியாற்றிய கட்டன்டைக்கே என்ற டச்சுக் கடற்படை அதிகாரி, ஜப்பானியர் சொன்ன நேரத்துக்கு வருவதில்லை என்று சலித்துக்கொண்டார். அங்கே பல ஆண்டுகள் வாழ்ந்த அமெரிக்கப் பாதிரியார் சிட்னி குலிக், 1903இல் வெளியிட்ட நூலில், ஜப்பானியர் பலர் சோம்பேறிகளாகவும் காலம் ஓடுவதைப் பொருட்படுத்தாதவர்களாகவும் தோன்றுவதைப் பதிவு செய்தார். 1911இல் அங்கே போன ஆங்கிலச் சமூக ஆய்வாளர் பியட்ரிஸ் வெப்பும் ஜப்பானியரின் ஓய்வு மனப்பான்மையைக் குறை சொன்னார். இவர்களும் நேரில் பார்த்தவர்கள்தான். ஒன்பது நாளில் திரும்பிவந்தவர்களும் அல்ல.

பிறகு என்ன நடந்தது? ரயிலும் தொழிற்சாலையும் பள்ளி மணியும் நாடெங்கும் பரவின. மக்களிடம் நேர உணர்வை வளர்க்க 1920இல் ஜூன் 10ஆம் தேதியை நேர நினைவு நாளாகவே அறிவித்தார்கள். ரத்தத்தில் ஊறியதை வளர்க்க இயக்கம் எதற்கு? அடுத்த சில தலைமுறைகளில், அளவுக்கு மீறி உழைத்துச் சாவதற்கு "கரோஷி" என்று தனிச்சொல்லே அந்த மொழியில் பிறந்தது. அதைத் தடுக்க 2014இல் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. சோம்பேறி தேசம் என்றவர்களும் உழைப்பாளி தேசம் என்பவர்களும் ஒரே மண்ணைத்தான் பார்த்தார்கள். இரு தரப்பாரும் பார்த்தது ஒரு காலத்தின் நிலைமையை. எழுதிக்கொண்டது மட்டும் குணம் என்று.

சிங்கப்பூரின் சுத்தமும் அப்படித்தான். அது வானத்திலிருந்து இறங்கவில்லை. லீ குவான் யூ 1968இல் தொடங்கிவைத்த தூய்மை இயக்கமும், அபராதமும், தொடர்ந்த துப்புரவுப் பணியும் சேர்ந்து உருவாக்கியது அது. அங்கே குப்பை போடாமல் நடக்கிறவர்களில் தமிழர்களும் இருக்கிறார்கள். திருச்சியில் வெற்றிலைச் சாற்றைத் தெருவில் துப்பியவர் சிங்கப்பூரில் இறங்கிய அன்றே துப்பாமல் இருக்கிறார். நான்கு மணி நேர விமானப் பயணத்தில் அவருடைய இனக்குணம் மாறிவிட்டதா?

மலாயாத் தோட்டங்களின் வரலாறு இதைவிடக் கசப்பானது. வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் மலாய்க்காரரைச் சோம்பேறி என்றார்கள், தமிழரைப் பணிவானவர் என்றார்கள். சையது உசேன் அலடாஸ் என்ற சமூகவியலாளர் 1977இல் வெளியிட்ட நூல் இந்தக் கட்டுக்கதையைப் பிரித்துப் போட்டது. சொந்தமாக நெல்வயல் வைத்திருந்த மலாய் விவசாயி, அற்பக் கூலிக்கு அடிமைபோல் ரப்பர்க் காட்டில் உழைக்க மறுத்தார். அந்த மறுப்புக்குச் சூட்டிய பெயர் சோம்பல். கடனாலும் கங்காணியாலும் கட்டுண்டு, ஓடிப்போக இடமில்லாமல் குனிந்து நின்றார் தமிழ்த் தொழிலாளி. அந்தக் கட்டுக்குச் சூட்டிய பெயர் பணிவு. நம் முப்பாட்டனின் துயரத்தை அவன் இயல்பு என்று எழுதியவர்களின் முறையை நாம் இன்னொரு தேசத்தின் மீது பயன்படுத்தலாமா?

5. "எல்லோரும் அதைத்தானே சொல்கிறார்கள்?"

எல்லோரும் சொல்வது எதையும் நிரூபிக்காது. எல்லோரும் ஒருவரிடமிருந்து ஒருவர் கேட்டுக்கொண்டுதான் புறப்படுகிறோம். ரோமுக்குப் போகுமுன்பே "பர்ஸ் பத்திரம்" என்று கேட்டவர், பர்ஸ் போனால் "சொன்னது சரி" என்கிறார். போகாவிட்டால் "நான் ஜாக்கிரதையாக இருந்தேன்" என்கிறார். எது நடந்தாலும் தோற்காத ஒரு நம்பிக்கையை அனுபவம் என்று அழைக்க முடியாது.

இதை அளந்தும் பார்த்துவிட்டார்கள். 2005இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வில், 49 பண்பாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 4,000 பேரிடம் தங்கள் நாட்டவரின் பொதுக்குணம் என்ன என்று கேட்டார்கள். அதே பண்பாடுகளில் தனிமனிதர்களின் ஆளுமையை அளந்து பெற்ற சராசரிகளோடு அந்தப் பதில்களை ஒப்பிட்டார்கள். இரண்டுக்கும் பொருத்தமே இல்லை. கனடாக்காரர்கள் தங்களை இணக்கமானவர்கள் என்றார்கள். அமெரிக்கர்கள் தங்களை முந்திக்கொண்டு பேசுபவர்கள் என்றார்கள். அளந்து பார்த்தால் இரு நாட்டவரின் சராசரியும் ஏறத்தாழ ஒன்றே. பிறந்து வளர்ந்து அங்கேயே வாழ்கிறவர்களுக்கே தங்கள் நாட்டின் குணத்தைச் சரியாகச் சொல்ல முடியவில்லை. ஒன்பது நாள் பயணி சொல்லிவிடுவாரா?

நேர்மையையும் அளக்க முயன்றார்கள். 2019இல் அதே இதழில் வந்த ஆய்வுக்காக 40 நாடுகளில், 355 நகரங்களில், 17,000க்கும் மேற்பட்ட பர்ஸ்களைக் கண்டெடுத்ததாகச் சொல்லி வங்கி, தபால் நிலையம், விடுதி போன்ற இடங்களின் முகப்பில் கொடுத்துவிட்டு வந்தார்கள். எத்தனை பேர் உரியவருக்கு மின்னஞ்சல் அனுப்புகிறார்கள் என்பதே கணக்கு. பெரும்பாலான நாடுகளில் காலிப் பர்ஸைவிடப் பணம் இருந்த பர்ஸைத்தான் அதிகம் பேர் திருப்பிக் கொடுக்க முன்வந்தார்கள். எல்லைகளைத் தாண்டிய அந்த நல்ல செய்தியைவிட, எந்த நாடு கடைசி என்ற பட்டியல்தான் அதிகம் பேசப்பட்டது. சீனா அடியில் இருந்தது. ஆனால் அங்கே அன்றாடத் தொடர்புக்கு மின்னஞ்சலைப் பயன்படுத்துபவர்கள் குறைவு. பிறகு சீனாவிலேயே நடந்த ஒரு மறு ஆய்வு, மின்னஞ்சல் வராத இடங்களிலும் பர்ஸைப் பலர் பத்திரமாக எடுத்து வைத்திருந்ததைக் காட்டியது. 17,000 பர்ஸ்கள் வைத்தும் தீராத வழக்கு இது. ஒரே ஒரு பர்ஸை வைத்து அண்ணன் தீர்த்துவிட்டார்.

6. ஒரே தராசில் இரண்டு படிக்கல்.

சென்னையில் ஆட்டோ ஓட்டுநர் ஐம்பது ரூபாய் கூடுதலாகக் கேட்டால் "அந்த ஆள் சரியில்லை" என்கிறோம். பாங்காக்கில் கேட்டால் "தாய்லாந்துக்காரன் ஏமாற்றுக்காரன்" என்கிறோம். நம் ஊரில் தவறு ஒருவருடையது. அயலூரில் அது இனத்தினுடையது. நன்மையில் கணக்கு தலைகீழ். அந்த விழாவில் நான் அண்ணனிடம் ஒன்று கேட்டேன். "பர்ஸ் போன பிறகு கையில் காசில்லாம விடுதிக்கு எப்படிப் போனீங்கண்ணா?" சொன்னார்: நிறுத்தத்தில் ஓர் அம்மா விசாரித்து, தன் காசில் பயணச்சீட்டு எடுத்துக் கொடுத்து, இறங்க வேண்டிய இடத்தைத் தாளில் எழுதியும் கொடுத்தாராம்.

கேட்டீர்களா? முகம் தெரியாத திருடன் "இத்தாலிக்காரன்" ஆகிவிட்டான். முகம் பார்த்து உதவியவர் "ஓர் அம்மா". அவரை ஏன் யாரும் இத்தாலிக்காரி என்று சொல்லவில்லை? வேற்றுக் கூட்டத்தார் செய்த தீமையைக் கூட்டத்தின் குணமாகவும், செய்த நன்மையை விதிவிலக்காகவும் எழுதிக்கொள்ளும் இந்த வழக்கத்தைத் தாமஸ் பெட்டிக்ரூ என்ற உளவியலாளர் 1979இலேயே விளக்கிவிட்டார். அந்தத் தராசில் எந்தத் தேசமும் தேறாது.

புகழ்ச்சியும் இதே தராசில் நிறுத்ததுதான். "சுவிஸ்காரன் தங்கம்" என்பதன் மறுபாதி "நம்ம ஆளு திருந்த மாட்டான்" என்பது. அப்படிச் சொன்னதும் நம் பொறுப்பு முடிந்துவிடுகிறது. குப்பைத்தொட்டி வைக்காத நகராட்சியையும், தாமதத்துக்குக் காரணம் சொல்லாத நிர்வாகத்தையும் கேள்வி கேட்க வேண்டிய இடத்தில் "நம்ம ரத்தமே அப்படி" என்று பெருமூச்சு விட்டு நகர்ந்துவிடுகிறோம். குணத்தைக் குற்றம் சொல்பவர்கள் நிர்வாகத்தைத் தப்பவிடுகிறார்கள்.

7. அந்தப் பருக்கையாக நாமே இருந்திருக்கிறோம்.

கேத்தரின் மேயோவை மறந்துவிட்டோமா? இந்த அமெரிக்க எழுத்தாளர் 1925இன் இறுதியில் இந்தியாவுக்கு வந்து, சில மாதங்கள் சுற்றி, 1927இல் 'மதர் இந்தியா' என்ற நூலை வெளியிட்டார். அன்று இந்தியாவில் 30 கோடிக்கும் மேற்பட்ட மக்கள். மருத்துவமனைகளில் கண்டது, அதிகாரிகளிடம் கேட்டது, தெருவில் பார்த்தது ஆகியவற்றைக் கோத்து, அத்தனை பேரும் உடலாலும் மனத்தாலும் சீரழிந்தவர்கள், தங்களைத் தாங்களே ஆளத் தகுதியற்றவர்கள் என்ற முடிவுக்கு அவர் வாசகரை நடத்திச் சென்றார். நூல் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பரபரப்பாக விற்றது. காந்தி 'யங் இந்தியா'வில் எழுதிய மதிப்புரைக்குச் சாக்கடை ஆய்வாளரின் அறிக்கை என்றே தலைப்பிட்டார். லாலா லஜபதி ராய் 1928இல் ஒரு முழு நூலையே மறுப்பாக எழுதினார்.

மேயோ எல்லாவற்றையும் கற்பனை செய்து எழுதவில்லை என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். குழந்தை மணம் உண்மை. பிரசவ அறையில் நடந்த கொடுமைகள் உண்மை. தீண்டாமை உண்மை. அந்த உண்மைகளை எதிர்த்து இங்கேயே போராடியவர்கள் இருந்தார்கள். சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் முத்துலட்சுமி ரெட்டி அப்போதே தேவதாசி முறையை எதிர்த்துக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். 1929இல் சாரதா சட்டம் பெண்ணின் திருமண வயதை 14 ஆக்கியது. போராடியவர்கள் சொன்னது: இந்த வழக்கம் கொடியது, ஒழிப்போம். மேயோ சொன்னது: இந்த மக்கள் இப்படிப்பட்டவர்கள். முதல் வாக்கியத்தில் சீர்திருத்தத்துக்கு வழி இருக்கிறது. இரண்டாவதில் அவமானம் மட்டுமே மிஞ்சுகிறது.

இன்னொரு செய்தியும் உண்டு. இந்தியாவுக்கு வருவதற்கு முன்பே, 1925இல், பிலிப்பைன்ஸ் பற்றி மேயோ ஒரு நூல் எழுதியிருந்தார். அந்த மக்களும் தன்னாட்சிக்குத் தயாராகவில்லை என்பதே அதன் சாரம். இரண்டு நாடுகள், இரண்டு பயணங்கள், ஒரே தீர்ப்பு. கண் பார்ப்பதற்கு முன்பே கை எழுதி வைத்திருந்தது.

8. வெறும் பேச்சுதானே, யாருக்கு என்ன நஷ்டம்?

2016 ஜனவரி 31 இரவு, பெங்களூரின் புறநகர்ப் பகுதி ஒன்றில் சூடான் நாட்டு இளைஞர் ஒருவர் ஓட்டிய கார் மோதி ஒரு பெண் இறந்தார். சற்று நேரத்தில் அந்த வழியாக வந்த தான்சானியா நாட்டு மாணவியின் காரை ஒரு கும்பல் மறித்தது, அவரை அடித்தது, காரைக் கொளுத்தியது. விபத்தோடு அவருக்கு எந்தத் தொடர்பும் இல்லை. சூடானுக்கும் தான்சானியாவுக்கும் பொதுவான எல்லைகூடக் கிடையாது. "ஆப்பிரிக்காக்காரன்" என்ற ஒருமைச் சொல் ஒரு கண்டத்தையே ஒரு குற்றவாளியாக்கியது. அதற்கான அடியை ஒரு மாணவி வாங்கினார். அடுத்த ஆண்டு கிரேட்டர் நொய்டாவில் நைஜீரிய மாணவர்களைக் கும்பல்கள் தாக்கியதற்கும் வேர் அதே பொதுத்தீர்ப்புதான்.

நாம் மறுபக்கத்தில் நின்ற நாளும் உண்டு. 2010 ஆகஸ்டில் 492 ஈழத் தமிழர்களுடன் 'சன் சீ' என்ற கப்பல் கனடாவின் மேற்குக் கரையை அடைந்தது. அதில் பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள். ஒவ்வொருவர் கதையையும் கேட்டு முடிப்பதற்கு முன்பே, கடத்தல்காரர்களும் பயங்கரவாதிகளும் வந்திறங்கும் கப்பல் என்ற பேச்சு பரவிவிட்டது. பலர் மாதக்கணக்கில் தடுப்புக்காவலில் இருந்தார்கள். சிலரைப் பற்றிய சந்தேகம் 492 பேரின் அடையாளமாகிவிட்டது. அந்த அநீதியைக் கண்டு கொதித்த நாம், வாடகைக்கு வீடு கேட்டு வரும் மணிப்பூர் இளைஞரிடமும், கட்டட வேலைக்கு வந்த பீகார் தொழிலாளியிடமும் "அந்த ஊர்க்காரங்களுக்குக் கொடுக்கிறதில்லை" என்று சொல்லும்போது எந்தப் பக்கம் நிற்கிறோம்?

பந்திக்குக் காத்திருக்கும் நேரத்தில் சொன்ன வாக்கியம் பந்தியோடு முடிவதில்லை. அதைக் கேட்டுத் தலையாட்டியவர் நாளை வீட்டுச் சொந்தக்காரர், ஆள் எடுக்கும் மேலாளர், கும்பலில் ஒருவர்.

இனி எஞ்சியிருப்பது இரண்டு கேள்விகள்.

எச்சரிக்கை வேண்டாமா? வேண்டும். "அந்தப் பேருந்தில் கூட்டம் அதிகம், பர்ஸை முன்பையில் வையுங்கள்" என்பது எச்சரிக்கை. அது இடத்தைப் பற்றிய தகவல், எல்லோருக்கும் உதவும். "இத்தாலிக்காரன் திருடன்" என்பதால் உங்கள் பர்ஸ் இம்மியளவும் கூடுதல் பத்திரமாகாது.

அப்படியானால் பயணியின் அனுபவத்துக்கு மதிப்பே இல்லையா? உண்டு, மிகப் பெரிய மதிப்பு. நாடுகளுக்கிடையே வேறுபாடே இல்லை என்று நான் சொல்லவில்லை. சட்டம் வேறு, வழக்கம் வேறு, சாலை வேறு, பள்ளி வேறு. அவற்றைக் கண்டு சொல்லுங்கள். அயல்நாட்டில் தோலின் நிறத்துக்காக ஒருவர் உங்களை இழிவாகப் பேசியிருந்தால் அதையும் உரக்கச் சொல்லுங்கள்; அது சாட்சியம், அதை மறைக்கக்கூடாது. "எனக்கு இது நடந்தது" என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. "அவர்கள் இப்படிப்பட்டவர்கள்" என்று சொல்ல அந்த நிகழ்ச்சி உரிமை தரவில்லை. சாட்சிக் கூண்டில் நிற்பவர் நீதிபதியின் நாற்காலியில் ஏறக்கூடாது. கேட்பது அவ்வளவுதான்.

அன்று பந்தி தாமதமானது நல்லதாயிற்று. அந்த இத்தாலிய அம்மாவைப் பற்றி அண்ணனிடம் மேலும் கேட்டேன். அதுவரை தேசம் தேசமாக அடுக்கிக்கொண்டிருந்தவர் நிதானமானார். அந்த அம்மாவின் கையில் காய்கறிப் பை இருந்தது என்றார். ஆங்கிலம் தெரியாததால் விரலால் எண்ணிக்காட்டி, ஆறாவது நிறுத்தம் என்று புரியவைத்தார் என்றார். பேருந்து கிளம்பும்வரை கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தார் என்றார். பெயர் கேட்க மறந்துவிட்டேனே என்று வருத்தப்பட்டார். ஐந்து நாட்டுத் தீர்ப்புகளில் ஒன்றுகூட அந்த ஒன்பது நாளில் அவர் கண்ணால் கண்டதல்ல. காய்கறிப் பையும் ஆறு விரல்களும்தான் அவர் நேரில் பார்த்தவை.